பல ஊர்களில் உள்ள வைஃபை ரவுட்டர்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பது எப்படி: திறமூலக் கருவிகளுக்கு ஒரு கையேடு

திருப்பூரில் அலுவலகமும், அனுப்பர்பாளையத்தில் தையல் பிரிவும், பெருந்துறை சிப்காட்டில் சாயப்பட்டறையும், பல்லடம் சாலையில் தொழிலாளர் விடுதியும் வைத்திருக்கும் பனியன் கம்பெனி ஒன்றில் வைஃபை ரவுட்டர்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து கோழிப்பண்ணைகள் நடத்துபவர், கரூரில் மூன்று கிடங்குகள் வைத்திருக்கும் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர், கோவையில் பல கட்டடங்களில் இயங்கும் கல்லூரி என்று எவரை எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுதான். ரவுட்டர்கள் ஒவ்வொன்றாக, தேவைப்பட்டபோது வாங்கப்பட்டவை. அவற்றை அமைத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். கடவுச்சொற்கள் யாரோ ஒருவருடைய செல்போனில் இருக்கின்றன. விருந்தினர் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்றால் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் சுற்ற வேண்டியிருக்கிறது.

இந்தச் சுற்றலை நிறுத்தும் திறமூலக் கருவிகள் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்கள்) சில ஆண்டுகளாகவே நல்ல நிலையில் கிடைக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கும், நிறுவுவதற்கும், நிறுவிய பின் சிக்கலில் மாட்டாமல் நடத்துவதற்கும் தேவையானவற்றை இங்கே எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு மாற்றத்தை இருபது ரவுட்டர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி, ஒரு தவறையும் அதே வேகத்தில் இருபது இடங்களுக்கு அனுப்பும். ஆகவே திரையில் தெரியும் வரைபடங்களையும் வண்ணங்களையும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தவறான அமைவு ஒன்று பெருந்துறையில் உள்ள ரவுட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அங்கே ஆள் போகாமலேயே அது பழைய நிலைக்குத் திரும்புமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கையிருப்பைக் கணக்கெடுத்தல்

எல்லா இடங்களையும் ஒருமுறை நேரில் பார்த்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் மாதிரியின் பெயர், அடிப்பகுதி ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டுள்ள வன்பொருள் பதிப்பு எண், மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய தனி அடையாள எண்), மின்சாரம் யூபிஎஸ்ஸிலிருந்து வருகிறதா அல்லது நேரடி லைனிலிருந்து வருகிறதா, இணையம் கேபிள் வழியாக வருகிறதா அல்லது இன்னொரு ரவுட்டரிடமிருந்து வைஃபை வழியாக வருகிறதா ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். வன்பொருள் பதிப்பு எண்ணைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஒரே பெயரில் விற்கப்படும் மாதிரியின் இரண்டாம் பதிப்பும் ஐந்தாம் பதிப்பும் உள்ளே வேறு வேறு சிப்களைக் கொண்டிருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளை, ஏற்றினால் அந்த ரவுட்டர் மறுபடி எழுந்திருக்காமலேயே போய்விடலாம்.

இந்தக் கையேட்டில் பெரும்பகுதி ஓபன்டபிள்யூஆர்டி என்னும் லினக்ஸ் அடிப்படையிலான ஃபர்ம்வேரைச் சார்ந்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருடைய மூலநிரல், ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தின் நிபந்தனைப்படி 2003இல் வெளியிடப்பட்டதை அடுத்து, 2004இல் தொடங்கிய திட்டம் அது. பெயரில் உள்ள கடைசி மூன்று எழுத்துகள் அந்த ரவுட்டரிலிருந்து வந்தவை. ரவுட்டரின் எல்லா அமைவுகளும் ஒரே கோப்புறைக்குள், ஒரே வடிவத்தில், எளிய உரைக் கோப்புகளாக இருப்பது இதன் பெரிய வசதி. எந்தக் கம்பெனி தயாரித்த ரவுட்டராக இருந்தாலும் அந்தக் கோப்புகளின் வடிவம் மாறுவதில்லை என்பதால், வேறு வேறு கம்பெனிகளின் ரவுட்டர்களை ஒரே கருவியால் நிர்வகிக்க முடிகிறது.

எல்லா ரவுட்டரிலும் இது ஏறாது. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் கொண்ட பழைய மலிவு ரவுட்டர்களை ஓபன்டபிள்யூஆர்டி கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம் என்பது குறைந்தபட்ச அளவு. அதில் நிர்வாகக் கருவியின் ஏஜென்ட் (ரவுட்டருக்குள் இருந்து அந்தக் கருவியோடு பேசும் சிறு நிரல்), விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு), கண்காணிப்பு நிரல் எல்லாவற்றையும் சேர்த்தால் மூச்சுத் திணறும். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவதே என் பரிந்துரை. பழைய ரவுட்டர்களைக் காப்பாற்றுவதற்காகச் செலவிடும் நேரத்தின் விலை, புதிய ரவுட்டரின் விலையை விட எப்போதும் அதிகமாகவே வருகிறது. இயலுமானால் எல்லா இடத்திலும் ஒன்று அல்லது இரண்டு மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு கூடுதல் ரவுட்டரை அலுவலக மேசையில் சோதனைக்கென்றே வைத்திருக்க வேண்டும்.

கருவிகளும் அவற்றின் இடமும்

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். யூபிக்விட்டியின் யூனிஃபை, டிபி-லிங்கின் ஓமாடா ஆகியவற்றின் கன்ட்ரோலர் (எல்லாச் சாதனங்களையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும்) மென்பொருள்களைக் காசு கொடுக்காமல் இறக்கி நிறுவ முடிகிறது என்பதால் அவற்றைத் திறமூலம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவை திறமூலம் அல்ல. அந்தந்தக் கம்பெனியின் சாதனங்களை நிர்வகிப்பதற்காக மட்டுமே செய்யப்பட்டவை. நல்ல மென்பொருள்களாக இருந்தாலும் இந்தக் கையேட்டின் எல்லைக்குள் அவை வருவதில்லை.

கேபிள் டிவி நடத்தி வந்து, இப்போது ஃபைபர் இணைப்பும் தருபவர்கள் நம் பகுதியில் ஊருக்கு ஊர் உண்டு. சந்தாதாரர் வீட்டில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் ஃபர்ம்வேரை அவர்களால் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிஆர்-069 என்னும் நிர்வாக நெறிமுறை தெரியும். அவர்களுக்கு உரிய கருவி ஜீனிஏசிஎஸ். நோட்ஜேஎஸ்ஸில் எழுதப்பட்டு, மாங்கோடிபியில் தரவைச் சேமிக்கும் இது, ஆயிரக்கணக்கான பெட்டிகளின் வைஃபை பெயர், கடவுச்சொல், பிபிபிஓஇ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையத்துக்குள் நுழையும் முறை) விவரம் ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து மாற்றித் தரும். சாதனங்கள் 7547ஆம் போர்ட்டில் (எண்ணிட்ட இணைப்பு வாயிலில்) இதனோடு பேசும். ஆனால் சாதனங்கள் தம் பக்கத்திலும் பொதுவாக அதே எண்ணுள்ள போர்ட்டைத் திறந்து வைக்கின்றன. அந்தப் போர்ட்டை இணையம் முழுவதற்கும் திறந்துவிடக் கூடாது. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் முடங்கியது, மிராய் வகைத் தீநிரல் ஒன்று அந்தப் போர்ட்டைத் தட்டிக்கொண்டு வந்தபோதுதான். நிர்வாகப் போக்குவரத்தைத் தனி வீலேனில் (அதே கம்பிகளில் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்கில்) வைத்து, கன்ட்ரோலரின் முகவரியிலிருந்து வருவதை மட்டும் அனுமதிக்க வேண்டும்.

டெலிகாம் இன்ஃப்ரா ப்ராஜெக்ட் 2021இல் வெளியிட்ட ஓபன்வைஃபை பெரிய அளவுக்கானது. சாதனத்தில் ஓபன்டபிள்யூஆர்டி அடிப்படையிலான அவர்களுடைய ஃபர்ம்வேர் இருக்கும். சாதனம் கன்ட்ரோலரோடு ஒரு வெப்சாக்கெட் இணைப்பை எப்போதும் திறந்து வைத்திருக்கும். அமைவு முழுவதும் ஜேசன் வடிவில் வந்து சேரும். வடிவமைப்பு அழகானது. ஆனால் கன்ட்ரோலர் பக்கம் பல தனித்தனிச் சேவைகளும் அவற்றுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா என்னும் மென்பொருளும் ஓட வேண்டும். இருபது ரவுட்டருக்காக இதை நிறுவுவது, இரண்டு பேர் போகும் திருமணத்துக்கு ஆம்னி பஸ் பிடிப்பது போன்றது.

பல கணினிகளை ஓரிடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் என்னும் கருவி ஏற்கெனவே தெரிந்தவர்கள் அதையே ரவுட்டர்களுக்கும் பயன்படுத்தலாம் என்று நினைப்பது இயல்பு. அதன் பெரும்பாலான பகுதிகள் எதிர்முனையில் பைத்தான் நிரல்மொழி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ரவுட்டரில் பைத்தானுக்கு இடம் கிடையாது. பைத்தான் இல்லாமல் ஷெல் வழியாகவே வேலை செய்யும் ஓபன்டபிள்யூஆர்டிக்கான தொகுப்பைச் சமூகத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். அது நன்றாகவே இயங்குகிறது. அமைவுகள் எல்லாம் கிட் என்னும் மாற்றப் பதிவுக் கருவியில் பதிவாகி, யார் எப்போது எதை மாற்றினார் என்பது தெளிவாக இருக்கும் என்பது இதன் பெருமை. குறை என்னவென்றால், முதலில் கேட்கச் சொன்ன கேள்விக்கு இது இல்லை என்றே பதில் சொல்கிறது. ஓபன்டபிள்யூஆர்டியின் லூசி இணையப் பக்கத்தில் அமைவை மாற்றினால், குறித்த நேரத்துக்குள் உலாவி மறுபடி ரவுட்டரை அடையாதபோது அது தானே பழைய அமைவுக்குத் திரும்பும். ஆன்சிபிள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை) வழியாகப் போய்க் கோப்பை எழுதிவிட்டு நெட்வொர்க்கை மறுதொடக்கம் செய்யும்போது அந்தக் காப்பு இருப்பதில்லை. எல்லா ரவுட்டரும் ஒரே வளாகத்துக்குள், நடந்து போகும் தூரத்தில் இருந்தால் ஆன்சிபிள் போதும்.

ஜெர்மனியின் ஃப்ரைஃபங்க் சமூக நெட்வொர்க்குகள் பயன்படுத்தும் க்ளுவான் இன்னொரு பாதையில் போகிறது. அங்கே மையக் கன்ட்ரோலர் என்று ஒன்று இல்லை. அமைவு ஃபர்ம்வேருக்குள்ளேயே வைக்கப்படுகிறது. ரவுட்டர்கள் தாமாகவே புதிய ஃபர்ம்வேரைத் தேடி எடுத்துக்கொள்கின்றன. அந்தப் புதுப்பிப்பில் முன்பே நிர்ணயித்த எண்ணிக்கையில் பொறுப்பாளர்களின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் ரவுட்டர் அதை ஏற்கும். நிறுவனங்களுக்கு க்ளுவான் பொருந்தாது. ஆனாலும் ஒருவர் தனியாக எல்லா ரவுட்டரையும் மாற்றிவிட முடியாது என்னும் அந்த ஒழுங்கை நாம் கடன் வாங்கலாம்.

மேலே சொன்ன பனியன் கம்பெனிக்கும், பண்ணைக்கும், கல்லூரிக்கும் நான் பரிந்துரைப்பது ஓபன்விஸ்ப். இத்தாலியில் பொது வைஃபை திட்டங்களை ஒட்டி வளர்ந்த இது, பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் எழுதப்பட்டது. ரவுட்டருக்குள் ஒரு சிறு ஏஜென்ட் இருக்கும். இயல்பு நிலையில் 120 வினாடிக்கு ஒருமுறை அது கன்ட்ரோலரிடம் போய், தன் அமைவின் செக்சம் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண்) மாறியிருக்கிறதா என்று கேட்கும். மாறியிருந்தால் புதிய அமைவை இறக்கிப் பொருத்தி, பின் கன்ட்ரோலரை மறுபடி அடைய முடிகிறதா என்று சோதிக்கும். முடியாவிட்டால் பழைய அமைவை மீட்டுவிட்டு, கன்ட்ரோலரில் அந்த ரவுட்டரின் நிலையைப் பிழை என்று காட்டும். பேச்சைத் தொடங்குவது எப்போதும் ரவுட்டர் என்பதால், உள்ளூர் இணைய நிறுவனம் பொது ஐபி முகவரி தராமல் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

கன்ட்ரோலரை நிறுவுதல்

அலுவலகத்தில் மூலையில் கிடக்கும் கணினியில் கன்ட்ரோலரை வைக்கும் ஆசையைத் தவிர்ப்பது நல்லது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் ஒன்றே போதும், நிர்வாகம் முழுவதும் ஒரு பகல் இல்லாமல் போவதற்கு. சென்னையிலோ மும்பையிலோ தரவு மையம் வைத்திருக்கும் நிறுவனத்திடம் 4 ஜிபி ரேம் கொண்ட மெய்நிகர் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் இந்த அளவுக்கு நிம்மதியாக ஓடும். ஓபன்விஸ்ப் குழுவே பராமரிக்கும், மென்பொருளைத் தேவையான எல்லாவற்றோடும் கட்டித் தரும் டாக்கர் தொகுப்பும் ஆன்சிபிள் தொகுப்பும் இருக்கின்றன. இரண்டில் எது உங்கள் குழுவில் குறைந்தது இருவருக்குப் புரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

கன்ட்ரோலருக்கு ஒரு டொமைன் பெயர் கட்டாயம் வேண்டும். ரவுட்டர்களுக்குள் ஐபி முகவரியைப் பதித்துவிட்டால், என்றோ ஒரு நாள் சர்வரை மாற்றும்போது அத்தனை ரவுட்டரையும் தேடிப் போக வேண்டியிருக்கும். கன்ட்ரோலரின் அடையாளத்தை உறுதி செய்யும் எச்டிடிபிஎஸ் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலவசச் சேவை வழியாகப் பெற்றால் அது 90 நாள் மட்டுமே செல்லும். தானியங்கிப் புதுப்பிப்பு வேலை செய்கிறதா என்று முதல் சுழற்சியில் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சான்றிதழ் காலாவதியானால் எந்த ரவுட்டரும் கன்ட்ரோலரோடு பேசாது. அந்த நேரத்தில் ஏஜென்டில் சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்கு வழியை யாராவது சொல்வார்கள். அதை ஒருபோதும் ஏற்கக் கூடாது, ஏனெனில் அதன் பின் நடுவில் உட்கார்ந்திருக்கும் எவரும் உங்கள் ரவுட்டர்களுக்குக் கன்ட்ரோலராகிவிடலாம்.

ஃபர்ம்வேர் இமேஜில்தான் சூட்சுமம் இருக்கிறது

பலர் ஓபன்டபிள்யூஆர்டியை ஏற்றிய பின், ஒவ்வொரு ரவுட்டருக்குள்ளும் நுழைந்து ஏஜென்டைக் கையால் நிறுவுகிறார்கள். அப்படிச் செய்தால் வேலை முடிந்தது போலத் தெரியும், யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தும் வரை. ஓபன்டபிள்யூஆர்டியில் மூல ஃபர்ம்வேர் மாற்ற முடியாத ஓர் அடுக்கிலும், நாம் பின்னர் சேர்த்தவை அனைத்தும் அதன்மேல் எழுதக்கூடிய இன்னோர் அடுக்கிலும் இருக்கின்றன. ரீசெட் செய்தால் மேல் அடுக்கு முழுவதும் அழியும். கையால் நிறுவிய ஏஜென்டும் அதோடு போகும். வைஃபை மெதுவாக இருக்கிறது என்றால் ரீசெட் பொத்தானில் குண்டூசியை விட்டுப் பார்க்கும் பழக்கம் நம் தொழிற்கூடங்களில் எல்லோருக்கும் உண்டு.

ஆகவே இமேஜ் பில்டர் என்னும் கருவியைக் கொண்டு, அல்லது ஓபன்டபிள்யூஆர்டி தளத்தின் ஃபர்ம்வேர் தேர்வுப் பக்கத்தில் கூடுதல் பொதிகளையும் முதல் இயக்க ஸ்கிரிப்டையும் சேர்த்து, உங்களுக்கென்று ஓர் இமேஜை (ரவுட்டரில் ஏற்றும் ஃபர்ம்வேர்க் கோப்பை) உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஏஜென்ட், நம்பகமான சான்றிதழ்களின் தொகுப்பு, வயர்கார்டு என்னும் விபிஎன் மென்பொருள் ஆகியவை அதற்குள்ளேயே இருக்க வேண்டும். கன்ட்ரோலரின் முகவரி, உங்கள் நிறுவனத்துக்கான பகிர்வு ரகசியம் (ரவுட்டர் கன்ட்ரோலரில் பதிவாகக் காட்ட வேண்டிய கடவுச்சொல்), நிர்வாகியின் எஸ்எஸ்எச் பொதுச் சாவி ஆகியவை முதல் இயக்கத்திலேயே பொருந்த வேண்டும். ஓபன்விஸ்ப் ஏஜென்ட், மேக் முகவரியையும் பகிர்வு ரகசியத்தையும் கலந்து ஒவ்வொரு ரவுட்டருக்கும் மாறாத ஒரு சாவியை உண்டாக்குகிறது. அதனால் ரீசெட் ஆன ரவுட்டர் மின்சாரமும் இணையமும் கிடைத்தவுடன் தானே கன்ட்ரோலரிடம் போய், தன் பழைய அடையாளத்தோடு பதிவாகி, தன் பழைய அமைவை எடுத்துக்கொள்ளும்.

இது நடக்க இன்னொரு நிபந்தனை உண்டு. ரீசெட் ஆன நிலையில் ரவுட்டருக்கு இணையம் கிடைக்க வேண்டும். பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ரவுட்டருக்குள் வைத்திருந்தால் ரீசெட்டுக்குப் பின் அது வெளியே வர வழியில்லை. அந்த வேலையை இணைய நிறுவனத்தின் ஓஎன்டி பெட்டியிடமே விட்டுவிட்டு, உங்கள் ரவுட்டர் வேன் (இணையம் வரும்) பக்கம் டிஎச்சிபி வழியாகத் தானாகவே முகவரி வாங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

டெம்ப்ளேட்டுகளும் மாறிகளும்

ஓபன்விஸ்ப்பில் அமைவை ரவுட்டர் ரவுட்டராக எழுதுவதில்லை. நேர அமைப்பு, எஸ்எஸ்எச் சாவி, பதிவேடு (ரவுட்டரில் நடப்பவற்றின் குறிப்பு) அனுப்பும் முகவரி ஆகியவற்றை எல்லோருக்கும் பொதுவான ஒரு டெம்ப்ளேட்டிலும், அலுவலக வைஃபையை ஒன்றிலும், விருந்தினர் வைஃபையை இன்னொன்றிலும், விடுதிக்கானதை வேறொன்றிலும் எழுதிவைத்து, எந்த ரவுட்டருக்கு எவையெவை என்று குறித்தால் போதும். ரவுட்டருக்கு ரவுட்டர் மாறுபடும் சேனல் எண், லேன் முகவரி, இடத்தின் பெயர் போன்றவற்றை மாறிகளாக வைத்து, அவற்றின் மதிப்பை அந்தந்த ரவுட்டரின் பக்கத்தில் நிரப்பலாம். தகரக் கூரை போட்ட நீண்ட ஷெட்டில் அடுத்தடுத்து மூன்று அக்செஸ் பாயின்ட் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று சேனல்களைப் பிரித்துத் தருவது இந்த மாறிகளின் வழியாகவே. டெம்ப்ளேட்டுகளை அளவுக்கு மேல் துண்டாக்கினால், ஒரு ரவுட்டரின் இறுதி அமைவு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். ஒரு ரவுட்டருக்கு ஐந்தாறு டெம்ப்ளேட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நிர்வாகத்துக்கென்று தனி வயர்கார்டு சுரங்கம் ஒன்றை டெம்ப்ளேட்டாகவே தர முடியும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் சாவியையும் முகவரியையும் ஓபன்விஸ்ப் தானே ஒதுக்கும். அமைவை எடுத்துக்கொள்ள இந்தச் சுரங்கம் தேவையில்லை. ஆனால் கன்ட்ரோலர் ரவுட்டரை பிங் செய்து பார்க்கவும், மாற்றத்தை உடனே எடுத்துக்கொள்ளச் சொல்லவும், ஃபர்ம்வேரை அனுப்பவும் அது வேண்டும். ரவுட்டரின் எஸ்எஸ்எச்சும் லூசி பக்கமும் இந்தச் சுரங்கத்தின் வழியாக மட்டும் திறந்திருக்கட்டும்.

மாற்றத்தை அனுப்பும் ஒழுங்கு

எந்த மாற்றமானாலும் முதலில் மேசைமேல் உள்ள சோதனை ரவுட்டருக்கு, அடுத்து அலுவலகத்தில் உள்ள ஒரு ரவுட்டருக்கு, அதன் பின் ஒரு முழு இடத்துக்கு, கடைசியில் மற்ற எல்லாவற்றுக்கும் என்று போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டெம்ப்ளேட்டைத் திருத்தினால் அது இணைக்கப்பட்ட அத்தனை ரவுட்டருக்கும் அடுத்த சில நிமிடங்களில் போய்விடும் என்பதால், அதன் நகல் ஒன்றை எடுத்துத் திருத்தி, சோதனைக் குழுவுக்கு மட்டும் அதை இணைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. ஷிப்மென்ட் நெருக்கும் நாளிலும், சம்பள நாளிலும் எதையும் அனுப்பக் கூடாது என்பது எழுதி ஒட்ட வேண்டிய விதி.

தானாகத் திரும்பும் வசதிக்கும் ஓர் எல்லை உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்ட் சோதிப்பது கன்ட்ரோலரை அடைய முடிகிறதா என்பதை மட்டுமே. வைஃபை கடவுச்சொல்லில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து அனுப்பினால், கேபிள் வழியாக இணையம் பெறும் ரவுட்டர் கன்ட்ரோலரைத் தாராளமாக அடையும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பச்சை காட்டும். தையல் தளத்தில் பண்டில் ஸ்கேன் செய்யும் கருவிகள் மட்டும் ஒட்டுமொத்தமாக நின்றிருக்கும். இயல்பான சோதனைக்குப் பதிலாக நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டவும் ஏஜென்ட் அனுமதிக்கிறது. வைஃபை ரேடியோ எழுந்ததா, எதிர்பார்த்த பெயர் ஒளிபரப்பாகிறதா என்பதை அதில் சேர்க்கலாம். கடவுச்சொல் சரியா என்பதைச் சோதிக்க, தையல் தளத்தில் நிற்கும் சூப்பர்வைசருக்கு ஒரு போன் போடுவதுதான் வழி.

வைஃபை வழியாகவே இணையம் பெறும் ரவுட்டர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். தோட்டத்துச் சாளைக்கோ, சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள கிடங்குக்கோ கேபிள் இழுக்க முடியாமல், ஒரு ரவுட்டர் இன்னொன்றின் வைஃபையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு நம் பக்கம் நிறைய உண்டு. இருவருக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் அந்த இணைப்பின் கடவுச்சொல்லை மாற்றினால் என்ன நடக்கும்? தொலைவில் உள்ள ரவுட்டர் முதலில் மாறினால், அருகில் உள்ளது இன்னும் பழைய கடவுச்சொல்லோடு இருப்பதால் இணைப்பு அறும். ஏஜென்ட் கன்ட்ரோலரை அடைய முடியாமல் பழைய நிலைக்குத் திரும்பும். அருகில் உள்ளது முதலில் மாறினால் தொலைவில் உள்ளது துண்டிக்கப்பட்டு, புதிய அமைவை எடுத்துக்கொள்ளவே வழியில்லாமல் நிற்கும். எந்த வரிசையில் போனாலும் முடிவு கெடுதல்தான்.

இதைச் செய்யும் முறை வேறு. இந்த இடை இணைப்புக்கென்று, மக்கள் பயன்படுத்தும் வைஃபையோடு தொடர்பில்லாத தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொண்ட மறைவான நெட்வொர்க்கைத் தனி டெம்ப்ளேட்டில் வைக்க வேண்டும். அதை மாற்ற நேர்ந்தால், அருகில் உள்ள ரவுட்டரில் புதிய பெயரில் இரண்டாவது நெட்வொர்க்கைக் கூடுதலாகத் தொடங்கி, பழையதையும் ஓடவிட்டு, பின் தொலைவில் உள்ளதைப் புதியதற்கு மாற்றி, அது ஒரு நாள் நிலையாக ஓடியதைப் பார்த்த பிறகே பழையதை நீக்க வேண்டும். பல ரவுட்டர்கள் ஒன்றோடொன்று வைஃபையில் பிணைந்திருக்கும் மெஷ் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் தானாகத் திரும்பும் வசதியைப் பெரும்பாலான மலிவு ரவுட்டர்களில் எதிர்பார்க்க முடியாது. ஓபன்விஸ்ப்பின் ஃபர்ம்வேர்ப் பகுதி, இமேஜ் அந்த மாதிரிக்கு உரியதா என்று ரவுட்டரிலேயே சோதித்துப் பார்த்த பின்தான் எழுதத் தொடங்கும். ஏற்கெனவே அதே இமேஜ் இருந்தால் மறுபடி எழுதாது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் மட்டும் அதனாலும் ஒன்றும் செய்ய இயலாது. யூபிஎஸ் இல்லாத இடங்களைப் பட்டியலில் குறித்திருப்பீர்கள். அவற்றை ஆடி மாதக் காற்றில் லைன் அடிபட்டு அடிபட்டு வரும் நாட்களில் தொடாமல், ஆள் அங்கே இருக்கும் நேரத்தில் மட்டும் புதுப்பிக்கலாம்.

மின்சாரம் திரும்பிய பின்

பெரும்பாலான ரவுட்டர்களுக்குள் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால், ஓபன்டபிள்யூஆர்டி தன் அமைவுக் கோப்புகளில் கடைசியாகத் திருத்தப்பட்டதன் தேதியை எடுத்து, தோராயமாக அதையே இன்றைய நேரமாக வைத்துக்கொள்ளும். அந்தத் தேதி, கன்ட்ரோலரின் புதிய சான்றிதழ் வழங்கப்பட்டதற்கு முந்தையதாக இருந்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ரவுட்டர் இணைப்பை மறுக்கும். என்டிபி என்னும் இணைய நேரச் சேவை வழியாக நேரம் சரியானதும் இது தானே தீர்ந்துவிடும். ஆகையால் என்டிபி சர்வர்களின் பட்டியல் இமேஜுக்குள்ளேயே இருக்க வேண்டும். அவற்றுக்குப் போகும் வழியை ஃபயர்வால் அடைத்திருக்கக் கூடாது. ஒரு பகுதிக்கே மின்சாரம் திரும்பும்போது எல்லா ரவுட்டரும் ஒரே நொடியில் கன்ட்ரோலரின் கதவைத் தட்டாமல் இருக்க, ஏஜென்ட் தொடக்கத்தில் ஒரு சிறு தற்செயல் தாமதத்தை எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கை நூறுகளில் போனால் அந்தத் தாமதத்தின் உச்ச அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

கண்காணிப்பும் பதிவேடும்

ஓபன்விஸ்ப்பின் கண்காணிப்புப் பகுதி, ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா, எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள், ரேம் எவ்வளவு மிச்சம் என்பவற்றைச் சேகரித்து வரைபடமாகக் காட்டும். ஏற்கெனவே ப்ரோமீதியஸ், கிராஃபானா என்னும் கண்காணிப்புக் கருவிகளை வைத்திருப்பவர்கள், அவற்றுக்குத் தரவு தரும் லுவா மொழியில் எழுதப்பட்ட சிறு பொதியை ரவுட்டரில் சேர்த்தால் போதும். எச்சரிக்கைகளைக் குறைவாக வைப்பதே புத்திசாலித்தனம். யாரும் எழுந்து போகப் போவதில்லை என்றால், இரவு இரண்டு மணிக்கு விடுதியின் ரவுட்டரைப் பற்றிய செய்தி எதற்கு?

ரவுட்டர் தன் பதிவேட்டை ரேமில் வைத்திருப்பதால் மின்சாரம் போனதும் அது அழிந்துவிடும். அதை உடனுக்குடன் சர்வருக்கு அனுப்பும்படி பொதுவான டெம்ப்ளேட்டிலேயே எழுதிவிடலாம். இது வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்களுக்குக் காத்து வைக்க வேண்டும் என்றும், கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ரேடியோ அமைவில் நாட்டின் குறியீடு இந்தியா என்றே இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸின் 5150 முதல் 5350 வரையும் 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையுமான பகுதிகளுக்கு 2018இலும் தரப்பட்ட உரிம விலக்குகள் குறித்த சக்தி வரம்புக்குள் மட்டுமே செல்லும். சிக்னல் தூரம் போகும் என்று வேறு நாட்டின் குறியீட்டை வைப்பவர்கள் இருக்கிறார்கள்; அது சட்டத்துக்குப் புறம்பு.

கன்ட்ரோலரைக் காப்பதும் ரவுட்டரைக் கழிப்பதும்

கன்ட்ரோலரின் தரவுத்தளத்தில் எல்லா வைஃபை கடவுச்சொல்லும், எல்லா வயர்கார்டு சாவியும், ரவுட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவியும் ஒன்றாக இருக்கின்றன. அதன் தினசரி நகல் வேறொரு இடத்தில் மறையாக்கம் செய்யப்பட்டு இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து வேறொரு சர்வரில் கன்ட்ரோலரை எழுப்ப முடிகிறதா என்று ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். நிர்வாகியின் கணக்கு ஒருவரிடம் மட்டும் இருந்து அவர் வேலையை விட்டுப் போனால் வரும் தொல்லையை விளக்கத் தேவையில்லை. இருவருக்குத் தனித்தனிக் கணக்கு இருக்கட்டும், பொதுவான ஒரே கணக்கு வேண்டாம்.

ஒரு ரவுட்டர் பழுதாகிக் காயலான் கடைக்குப் போனாலும், திருட்டுப் போனாலும், முதலில் கன்ட்ரோலரில் அதைச் செயலிழக்கச் செய்து, பின் நீக்கி, அதன் வயர்கார்டு சாவி சர்வரிலிருந்து போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அந்த ரவுட்டரின் இமேஜுக்குள் பகிர்வு ரகசியமும் இருப்பதால் அதையும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே பதிவான ரவுட்டர்கள் தத்தம் சாவியோடு பேசிக்கொள்வதால் இந்த மாற்றத்தால் அவை உடனே பாதிக்கப்படுவதில்லை. ஆனால் பழைய ரகசியத்தோடு உள்ள இமேஜைக் கொண்ட ரவுட்டர் எதுவும் அதன் பின் ரீசெட் ஆனால் மறுபடி பதிவாகாது. எனவே ரகசியத்தை மாற்றிய கையோடு புதிய இமேஜை உருவாக்கி, அடுத்த ஃபர்ம்வேர்ப் புதுப்பிப்பை எல்லா இடங்களுக்கும் அனுப்பி முடிக்கும் வரை, எந்தெந்த ரவுட்டர் இன்னும் பழைய இமேஜில் இருக்கிறது என்பதை முதலில் தயாரித்த பட்டியலில் குறித்துக்கொண்டே வர வேண்டும்.